அம்மாவோடு பீக்கன்ஸ்ஃபீல்டுக்குப் போன நாள்

ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியா தீவுக்கு அம்மாவைக் கப்பலில் கூட்டிப் போக வேண்டும் என்று நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். போன மார்ச்சில்தான் முடிந்தது. மலை, அருவி, லாவெண்டர் தோட்டம் என்று மூன்று நாள் திட்டம். அதில் ஒரு இடத்தை மட்டும் அம்மாவிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் வர மாட்டார் என்று தெரியும்.

அந்த இடம் பீக்கன்ஸ்ஃபீல்டு. லான்செஸ்டன் நகரத்திலிருந்து வடமேற்கே நாற்பது கிலோமீட்டர். டேமர் ஆற்றை ஒட்டியே சாலை, வழியெல்லாம் திராட்சைத் தோட்டங்கள். பின் சீட்டில் அம்மா கண்ணயர்ந்திருந்தார். ஊருக்குள் திரும்பியதும் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாப்பா, வண்டிய நிறுத்து. அது ஷாஃப்ட் தானே?"

சுரங்கத்துக்குள் நேரே கீழே இறங்கும் குழிதான் ஷாஃப்ட். அதன் மேல் நின்று, கூரைகளுக்கு மேலே தெரிந்த அந்த இரும்புக் கோபுரத்தை இன்னொருவர் பார்த்தால் ஏதோ பழைய தொழிற்சாலை என்று நினைத்திருப்பார். நாங்கள் கோலார் தங்கவயல்காரர்கள். அம்மா கல்யாணமாகி வந்து நின்ற லைன் வீட்டு வாசலிலிருந்து நேரே தெரிந்தது அப்படி ஒரு கோபுரம்தான். அதன் உச்சியில் சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதை வைத்தே, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வருகிறதா கீழே போகிறதா என்று சொல்லிவிடுவார்.

பீக்கன்ஸ்ஃபீல்டும் தங்கச் சுரங்க ஊர். 1877-ல் இங்கே தங்கம் கிடைத்தது. அதற்குச் சில வருஷங்கள் கழித்து, 1880-ல்தான் எங்கள் ஊரில் சுரங்கம் தோண்ட ஜான் டெய்லர் கம்பெனி வந்திறங்கியது. எங்கள் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடியது, இவர்களுடையது 2012-ல். இந்த ஊரின் பெயர் எங்கள் வீட்டுக்குள் வந்தது 2006-ல், டிவி வழியாக.

அப்பா வேலையிழந்து ஐந்து வருஷமாகியிருந்தது. மே மாதத்தின் முதல் வாரம். செய்தியில் ஆஸ்திரேலியாவில் இரண்டு பேர் சுரங்கத்துக்குள் உயிரோடு சிக்கியிருக்கிறார்கள் என்று சொன்னார்கள். அன்றிலிருந்து அப்பா டிவி முன்னாலிருந்து எழவே இல்லை. ஆங்கிலச் செய்தி முழுக்கப் புரியாது. வரைபடம் காட்டினால் போதும், அவருக்கு எல்லாம் விளங்கிவிடும்.

நடந்தது இதுதான். 2006 ஏப்ரல் 25, அங்கே போர் வீரர்களை நினைவுகூரும் அன்சாக் நாள், விடுமுறை. இரவு ஒன்பதரை மணி சுமாருக்குச் சுரங்கத்தில் 17 பேர் இருந்தார்கள். சின்ன நில அதிர்வு, ரிக்டரில் இரண்டுக்குக் கொஞ்சம் மேலே. தரைக்கு மேலே அது பெரிய விஷயமே இல்லை. 925 மீட்டர் ஆழத்தில் பாறை சரிந்தது. 14 பேர் தப்பி மேலே வந்துவிட்டார்கள். மூன்று பேர் வரவில்லை. டாட் ரஸ்ஸல், பிரான்ட் வெப், லாரி நைட்.

டிவியில் அதை பூகம்பம் என்றார்கள். அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. "பூகம்பம் இல்லம்மா. ராக் பர்ஸ்ட்." அவ்வளவு ஆழத்தில் பாறை நம் தலைக்கு மேலிருக்கும் மொத்த பூமியின் பாரத்தையும் தாங்கிக்கொண்டிருக்கிறது. நடுவில் நாம் குடைந்து கல்லை எடுத்துவிட்டால் அந்தப் பாரம் பக்கத்துப் பாறைக்குப் போகும். அதுவும் தாங்க முடியாத ஒரு நாளில் வெடிக்கும். எங்கள் ஊரில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அங்கே கீழே வெடித்தால் எங்கள் வீட்டில் பாத்திரம் ஆடும். அடுப்பை அணைக்கக்கூட நினைவில்லாமல் பெண்கள் ஷாஃப்டைப் பார்த்து ஓடுவார்கள். அம்மா ஓடியிருக்கிறார். ஒருமுறை என்னையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு. பீக்கன்ஸ்ஃபீல்டு அதிர்வையும் சுரங்க வேலையோடு சேர்த்துத்தான் பின்னால் விசாரித்தார்கள். ஆறு மாதம் முன்பு, 2005 அக்டோபரிலேயே அங்கே பாறை சரிந்திருந்தது. அப்பா சொன்னது சரிதான்.

அந்த மூவரில் லாரி நைட் நீட்டுக் கை வைத்த ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கையின் நுனியில் ஒரு இரும்புக் கூண்டு. கூண்டுக்குள் நின்று டாடும் பிரான்டும் இரும்பு வலை அடித்துக்கொண்டிருந்தார்கள். சரிந்த பாறை வண்டியை மூடியது. லாரி அப்போதே இறந்துவிட்டார். அவர் உடல் இரண்டு நாள் கழித்துக் கிடைத்தது. கூண்டில் இருந்தவர்களை மேலே விழுந்த ஒரு பெரிய பாறை நசுக்கவில்லை, கூரை மாதிரி நின்றுவிட்டது. டாடின் இடுப்புக்குக் கீழே எல்லாம் கல்லுக்குள் புதைந்திருந்தது. பிரான்ட் கொஞ்ச நேரம் நினைவில்லாமல் கிடந்தார். விழித்ததும் இருவரும் கையிலிருந்த கத்தியால் மாட்டிக்கொண்ட துணியையும் பூட்ஸையும் அறுத்து, ஒருவரையொருவர் விடுவித்துக்கொண்டார்கள்.

கூண்டில் நிமிர்ந்து நிற்க முடியாது. குடிக்கப் பாறையில் கசிந்த தண்ணீர்தான். தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி அதில் பிடித்தார்கள். சாப்பிட பிரான்டிடம் இருந்தது ஒரே ஒரு தானிய பார். முதல் நாளே பாதியாக உடைத்துத் தருகிறேன் என்றிருக்கிறார். வேண்டாம், இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்று முடிவு செய்தார்கள். மறுநாளும் அதையே சொன்னார்கள். அப்படித் தள்ளித் தள்ளி 29-ம் தேதிதான் அதைத் தொட்டார்கள். அதுவும் விரல்நுனி அளவு துண்டு துண்டாக. அதில் ஒரு பெரிய துண்டு டாடின் பாக்கெட்டிலிருந்து எங்கோ விழுந்து தொலைந்துவிட்டது. அந்த இருட்டில், கல் இடுக்கில், விரலால் துழாவித் தேடியிருப்பார் இல்லையா. இதை நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கிறது. இருவருக்கும் சேர்ந்தாற்போல் தெரிந்த பாட்டு ஒன்றே ஒன்றுதான். அதையே திரும்பத் திரும்பப் பாடினார்கள்.

என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. வெளியே இருந்தவர்கள் வழி உண்டாக்க வெடி வைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஆள் உயிரோடு இருப்பது அவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு வெடிக்கும் கூண்டுக்கு மேலே கல் உதிர்ந்தது. இருவரும் கத்தினார்கள், யாருக்கும் கேட்கவில்லை. ஒவ்வொரு வெடியின் தேதியையும் நேரத்தையும் உடுத்தியிருந்த துணியிலேயே எழுதி வைத்தார்கள். ஒருவேளை காப்பாற்ற வந்தவர்களின் வெடியிலேயே செத்துப்போனால், அதுவரை நாங்கள் உயிரோடுதான் இருந்தோம் என்று தெரியட்டும் என்று.

30-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை, இடிபாட்டுக்கு அந்தப் பக்கம் வந்த சகதொழிலாளர்கள் குரல் கொடுத்தார்கள். உள்ளிருந்து பதில் வந்தது. ஐந்து நாளாகியிருந்தது.

அதற்கப்புறம்தான் எங்கள் வீட்டு டிவிக்கு அந்தச் செய்தி வந்தது. கண்டுபிடித்துவிட்டார்களே, இன்னும் ஏன் வெளியே எடுக்கவில்லை என்று எனக்குக் கோபம். அப்பாதான் பொறுமையாகச் சொன்னார். "இனிமே பெரிய வெடி வெக்கக் கூடாது. துளைதான் போடணும். அந்தக் கல்லு எதுமேல நிக்குதுன்னு யாருக்கும் தெரியாது."

அப்படியே செய்தார்கள். முதலில் 90 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சின்னத் துளை. அதில் குழாய் சொருகித் தண்ணீர், சாப்பாடு, உலர்ந்த துணி, டார்ச், கடிதம், பாட்டுக் கேட்க ஐபாட் எல்லாம் அனுப்பினார்கள். டாட் சனிக்கிழமைப் பேப்பர் கேட்டாராம், வேலை விளம்பரம் பார்க்க. அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "பொழைச்சுக்குவான்" என்றார். பிறகு பெரிய துளை போடும் இயந்திரத்தைக் கொண்டுவந்து, அசையாமல் இருக்கத் தரையோடு கான்கிரீட் போட்டு இறுக்கி, ஒரு மீட்டர் அகலத்துக்குக் குடைந்தார்கள். கிட்டத்தட்ட பதினைந்து மீட்டர்தான் தூரம். நம்ம தெருவில் நாலு வீடு தாண்டும் தூரம். சாதாரண கான்கிரீட்டைவிடப் பல மடங்கு கெட்டியான பாறை என்பதால் அதற்கே நாள்கணக்கில் ஆனது. கடைசிப் பகுதியை ஆட்களே படுத்த வாக்கில், கைக்கருவிகளால் உடைத்துக்கொண்டு போனார்கள்.

மே 9, விடியற்காலை. இந்தப் பக்கத்து விளக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. முதலில் பிரான்ட், சில நிமிஷத்தில் டாட். பதினாலு ராத்திரி கழித்து, ஆறு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்க, கேஜ் தரைக்கு வந்தது. ஸ்ட்ரெச்சரில் இல்லை, நடந்தே வெளியே வந்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த நாளுக்குப் பிறகு அடிக்காத சர்ச் மணியை ஊரில் அடித்தார்கள்.

அருங்காட்சியகத்தில் இதையெல்லாம் நான் படித்து அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அம்மா பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரு இடத்தில் மட்டும் நின்றுவிட்டார். வெளியே வந்ததும் இருவரும் நேரே தங்கள் பெயர் வில்லை தொங்கும் பலகைக்குப் போய், தங்கள் வில்லையை எடுத்தார்கள் என்று சொன்னேன். சுரங்கத்துக்குள் இறங்கும்போது மாட்ட வேண்டும், ஏறி வந்ததும் எடுக்க வேண்டும். பலகையில் வில்லை இருந்தால் ஆள் கீழே இருக்கிறார் என்று அர்த்தம்.

"நம்ம டோக்கன் மாதிரி" என்றார் அம்மா.

அப்பாவின் டோக்கன் நம்பர் அம்மாவுக்கு இன்னும் மனப்பாடம். என் பிறந்த தேதியைச் சில சமயம் மறப்பார், அதை மறந்ததில்லை. நிலம் ஆடிய நாட்களில் ஷாஃப்ட் வாசலில் நின்று அவர் முதலில் விசாரித்தது அந்த நம்பரைத்தான். பெயரைச் சொல்லக் கேட்க பயமாக இருக்கும், நம்பர் என்றால் கேட்டுவிடலாம் என்பார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். ஃபிளாஸ்கில் கொண்டுவந்த டீயை ஊற்றிக் கொடுத்தேன். அந்த இரும்புக் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மூணாவது ஆளுக்குக் குடும்பம் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"அவரோட டோக்கன யாரு எடுத்தாங்க?"

நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. லாரி நைட்டின் இறுதிச் சடங்கு அதே மே 9-ம் தேதிதான் நடந்தது என்று சொன்னேன். காலையில் மேலே வந்த டாட் ரஸ்ஸல், ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, அன்றைக்கே அந்தச் சடங்குக்கும் போனார் என்றேன்.

அம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"போகத்தானே வேணும்" என்றார்.