கூடின காசுக்குக் கூடாத பயம்

நேற்று ராத்திரி பாராநார்மல் ஆக்டிவிட்டி 2 (2010) பேய்ப் படத்தை மறுபடி பார்த்தேன். முதல் படத்தை இயக்குநர் ஓரன் பெலி தன் சொந்த வீட்டிலேயே சுமார் 15,000 டாலரில் முடித்தார், இதற்கு 30 லட்சம் டாலர், ஹாலிவுட்டில் அதுவும் சில்லறைதான், ஆனால் காசு கூடின அளவுக்குப் பயம் கூடவில்லை. வீடு முழுக்க சிசிடிவி வைத்து நீச்சல் குளத்தையும் வாசலையும் மாற்றி மாற்றிக் காட்டி நம்மை வாட்ச்மேன் ஆக்கிவிட்டார்கள். அப்புறம் பட்டப்பகலில், சமையலறையில் அந்த வீட்டுப் பெண் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அத்தனை அலமாரிக் கதவும் ஒரே நேரத்தில் படாரென்று திறக்கும் பாருங்க, டீ மொத்தமும் என் லுங்கியில். சரி, அது ஒன்று. ஆனால் முதல் பாகத்தில் நாயகி கேட்டி கட்டில் ஓரமாக நின்று தூங்குகிறவனையே மணிக்கணக்கில் பார்ப்பாளே, திரை மூலையில் நேரம் மட்டும் ஓடுமே! நான் இன்னும் சுவர்ப்பக்கமாகத்தான் படுக்கிறேன்.