‘எனக்கு’ இருந்தால் ‘ஜே’ வரும்: பத்தாங் பெர்ஜுந்தையில் ஒரு பிரெஞ்சு வகுப்பு

சனிக்கிழமை காலையில் கோவில் மண்டபத்தில் பாய் விரித்து 11 பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். எல்லாரும் படிவம் 1, 2 (இடைநிலைப்பள்ளியின் முதல் இரண்டு ஆண்டு) படிப்பவர்கள். இது மலேசியாவில் ஓர் ஊர், பெயர் இப்போது பெஸ்தாரி ஜெயா என்று மாறிவிட்டாலும் எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். “இந்த ஊர்ல பிரெஞ்சு எதுக்கு டீச்சர்?” என்று முதல் நாளே ஒரு பெண் கேட்டாள், நியாயமான கேள்வி. பக்கத்திலிருக்கும் தென்னமரம் தோட்டத்தில் 1917ல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனையை (எண்ணெய்ப் பனையை) நட்டவர் ஆன்ரி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர், பிற்பாடு 1930ல் பிரான்சின் கொன்கூர் இலக்கியப் பரிசையும் வாங்கியவர் என்று சொன்னேன். தோட்டத்தின் பெயர் தமிழ், நட்டவர் பிரெஞ்சுக்காரர். அதற்குப் பிறகு அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

முதல் இரண்டு மாதம் ஆங்கிலத்தில் விளக்கும் ஒரு பயிற்சிப் புத்தகத்தை வைத்துத்தான் நடத்தினேன். பிள்ளைகள் ஒருவர் விடாமல் ‘ஜ சுயி ஃபாங்’ என்று எழுதினார்கள். ஆங்கிலத்தில் பசிக்கு ‘ஐ யேம்’ என்று வருகிறதே, அதை அப்படியே பிரெஞ்சுக்குக் கொண்டுபோனால் ‘நானே பசி’ என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். சரியான வாக்கியம் ‘ஜே ஃபாங்’, அதாவது என்னிடம் பசி இருக்கிறது. சிவப்பு மையால் திருத்தித் திருத்திக் கை ஓய்ந்த ஒரு நாள்தான் புரிந்தது, இந்தப் பிள்ளைகள் வீட்டில் ‘நான் பசி’ என்றா சொல்கிறார்கள்? ‘எனக்குப் பசிக்குது’ என்றுதானே சொல்கிறார்கள்! எனக்குத் தாகம், ஜே ஸ்வாஃப். எனக்குப் பயம், ஜே பேர். எனக்குத் தூக்கம் வருது, ஜே ஸொமேய். எனக்குக் குளிருது, ஜே ஃப்ருவா. எனக்குத் தலை வலிக்குது, ஜே மால் ஆ லா தேத். எனக்கு 12 வயது, ஜே தூஸ் ஆன். எனக்கு ஒரு தம்பி இருக்கான் என்பதற்குக்கூட அதே ‘ஜே’தான். ஆங்கிலம் வழியாகப் போனால் இவற்றில் பலவற்றை விதிவிலக்காக மனப்பாடம் செய்ய வேண்டும், தமிழ் வழியாகப் போனால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது.

அதை விளையாட்டாக்கினேன். ஒருவர் நடுவில் வந்து வாய் பேசாமல் நடித்துக் காட்ட வேண்டும், மற்றவர்கள் முதலில் தமிழில் ‘எனக்கு’ வைத்துச் சொல்லி, அந்த மூச்சிலேயே பிரெஞ்சில் சொல்ல வேண்டும். நடுநடுவே ‘எனக்குத் தெரியும்’, ‘எனக்குப் பிடிக்கும்’ இரண்டையும் நுழைப்பேன். இவற்றுக்கு ‘ஜே’ வராது, ‘ஜ ஸே’, ‘ஜெம்’ என்று வேறு வினைச்சொல் வரும். அங்கே மாட்டிக்கொண்டவர்கள் அடுத்த முறை மறப்பதில்லை.

பிரெஞ்சில் எல்லாப் பெயர்ச்சொல்லும் ஆண்பாலோ பெண்பாலோதான். இந்த விஷயத்தில் தமிழ் இவ்வளவு எளிதாகக் கைகொடுக்காது. நமக்கு மேசை, விளக்கு, வாளி எல்லாம் அஃறிணை, மலாயிலோ ‘டியா’ என்றால் அவனும் அவளும் ஒன்றுதான். ‘மேசை எப்படி டீச்சர் பொம்பளை ஆகும்?’ என்று கேட்கிறார்கள். மேசை ஆகவில்லை, மேசை என்ற அந்தச் சொல்தான் பெண்பால் என்று விளக்குவதோடு நிறுத்திவிட்டு இரண்டு கூடைகளை எடுத்து வைப்பேன். நீலக் கூடை ஆண்பால் சொல்லுக்கு முன் வரும் ‘ல’, சிவப்புக் கூடை பெண்பால் சொல்லுக்கு முன் வரும் ‘லா’. வீட்டிலிருந்து ஆளுக்கொரு சாமான் கொண்டுவருவார்கள். வாளி ல ஸோ, சீப்பு ல பெஞ், குடை ல பரப்ளுயி, சாவி லா க்ளே, கரண்டி லா குயியேர், விளக்கு லா லாம்ப். ‘ல’வோ ‘லா’வோ இல்லாமல் வெறும் பெயரைச் சொன்னால் சாமானைக் கூடையில் போட முடியாது, வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை, ஏனென்றால் ‘லா’ இல்லாமல் படித்த சொல்லைப் பிறகு ‘லா’வோடு சேர்ப்பது புதிதாகப் படிப்பதைவிடக் கஷ்டம். சில வாரம் கழித்து நிறம் சேர்ப்போம். பச்சைக் குடை ‘ல பரப்ளுயி வேர்’, பச்சை விளக்கு ‘லா லாம்ப் வேர்த்’. அந்தக் கடைசி ‘த்’ காதில் விழும்போது பால் என்பது என்ன வேலை செய்கிறது என்று அவர்களுக்கே தெரிந்துவிடுகிறது.

அப்புறம் புணர்ச்சி. காடு + எல்லாம் காடெல்லாம் ஆவது தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைக்கு அத்துப்படி. ல + அமி (நண்பன்) ‘லமி’, லா + எக்கோல் (பள்ளி) ‘லெக்கோல்’ என்று கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் போதும். ஒரு சிக்கல், ‘லெக்கோல்’ என்று ஒட்டிக்கொண்டபின் அது ஆணா பெண்ணா என்பது மறைந்துவிடும், அதனால் உயிரெழுத்தில் தொடங்கும் சொற்களை மட்டும் ‘ஒரு’ என்று பொருள்படும் ‘அன்’ (ஆண்பால்), ‘யூன்’ (பெண்பால்) சேர்த்தே கொடுக்கிறேன்: யூன் எக்கோல், அன் நார்ப்ர். மரத்துக்கு ‘ஆர்ப்ர்’, முன்னால் ‘அன்’ வந்ததும் அந்த ‘ன’ அடுத்த சொல்லில் ஏறிக்கொள்கிறது.

எண்களுக்குப் புளியங்கொட்டை. 20 கொட்டைகளை ஒரு பொட்டலமாகக் கட்டச் சொல்வேன். 80 என்றால் நான்கு பொட்டலம், ‘கத்ர் வாங்’, நான்கு இருபது. 97க்கு நான்கு பொட்டலம், ஒரு பத்து, ஓர் ஏழு. ‘இது என்ன கணக்கு!’ என்று ஒரு பையன் சலித்துக்கொண்டான். பெல்ஜியத்தில் 90க்கு ‘நொனாந்த்’ என்று நேராகவே சொல்கிறார்கள் என்றேன், அவனுக்கு உடனே பெல்ஜியம் பிடித்துவிட்டது. அப்புறம் 80 எண்பது, 90க்கு மட்டும் ஏன் தொண்ணூறு, அதற்குள் நூறு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கொட்டையை எண்ணுவதை விட்டுவிட்டு எல்லாரும் யோசிக்கத் தொடங்கினார்கள், அன்று வகுப்பு முக்கால் மணி நேரம் நீண்டது. 900 ஏன் தொள்ளாயிரம் என்று அந்தப் பையன்தான் கேட்டான்.

அடுத்த வாரம் இறந்தகாலம். போதல், வருதல், ஏறுதல், இறங்குதல், பிறத்தல், இறத்தல் போன்ற சில வினைகளுக்கு மட்டும் ‘அவ்வார்’ (‘ஜே’யின் மூல வினை) துணைவினையாக வராது, ‘எத்ர்’ (‘ஜ சுயி’யின் மூல வினை)தான் வரும். பாடநூல்களில் அதற்கு ஒரு வீடு வரைந்து காட்டுவார்கள், ஆட்கள் கதவு வழியாக வருவார்கள் போவார்கள், படியில் ஏறுவார்கள். நான் ஒரு லயத்து வீட்டை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டை) வரையப்போகிறேன். லயத்தில் மாடிப்படி இல்லை, அதனால் ஏறவும் இறங்கவும் வாசலில் ஒரு ரம்புத்தான் மரம் வேண்டும்.