முந்தாநாளுக்கு ஒரு சொல்

மகள் ஆங்கிலக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். முந்தாநாள் என்று சொல்ல நான்கு சொற்களை வரிசையாகப் போட்டுவிட்டு, "ஏம்மா, இதுக்கு ஒரே வார்த்தை இல்லையா?" என்று கேட்டாள்.

இருந்தது. ஏர்யெஸ்டர்டே. 'ஏர்' என்றால் முன், நேற்றுக்கு முன். நாளை மறுநாளுக்கு ஓவர்மாரோ. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இருந்த சொற்கள், அப்புறம் வழக்கொழிந்துவிட்டன. ஜெர்மன்காரர்கள் இன்றும் ஊபர்மார்கன் என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். ஆங்கிலம் ஏன் கைவிட்டது என்று எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது சென்னிட். 'ஏழு இரவு' என்ற இரண்டு சொற்கள் பேசிப் பேசித் தேய்ந்து ஒன்றாகிவிட்டன. பொருள், ஒரு வாரம். அதே மாதிரி 'பதினான்கு இரவு' தேய்ந்ததுதான் ஃபோர்ட்நைட். இது மட்டும் பிழைத்துக்கொண்டது. பிரிட்டனிலும் நம் ஊர் அலுவலகக் கடிதங்களிலும் இன்னும் புழங்குகிறது. அமெரிக்கர்கள் அதிகம் சொல்வதில்லை.

அதென்ன இரவுக் கணக்கு? ஆங்கிலம் பேசியவர்களின் முன்னோரான பழைய ஜெர்மானிய இனத்தார் பகலை எண்ணாமல் இரவைத்தான் எண்ணினார்கள். ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98 வாக்கிலேயே இதை எழுதி வைத்திருக்கிறார். இரண்டு வார விடுப்புக் கடிதத்தில் எழுதும் ஒரு சொல்லுக்குள் அத்தனை பழைய இரவுகள்!

மகள் அந்த நான்கு சொற்களை அடிக்கவில்லை. நோட்டு ஓரத்தில் பென்சிலால் ஏர்யெஸ்டர்டே என்று எழுதி, பக்கத்திலேயே தமிழில் முந்தாநாள் என்றும் எழுதிக்கொண்டாள்.