பத்தே நிமிடம்

புறநகரில் வீடு பார்க்கப் போன அன்று தரகர் சொன்னார்: "மெயின் ரோட்டுக்குப் பத்தே நிமிடம் சார்." பொய் இல்லை. விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால் பத்தே நிமிடம்தான்!

சாலையை அகலப்படுத்தினால் சரியாகிவிடும் என்று நானும் நம்பியவன்தான். அப்புறம் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்துக் கதையைப் படித்தேன். அங்கே கேட்டி ஃப்ரீவே என்ற நெடுஞ்சாலையை 2008-இல் விரிவாக்கி முடித்தார்கள். பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடங்கள். சில வருடங்களிலேயே மறுபடியும் நெரிசல். வழி கிடைத்ததும், அதுவரை வேறு நேரத்தில், வேறு வழியில் போனவர்களெல்லாம் அங்கே வந்துவிடுகிறார்கள். போதாததற்குச் சாலையோரம் புது மனைகள் வேறு.

டென்மார்க்கின் கோபன்ஹேகன்காரர்கள் நகரம் எப்படி வளர வேண்டும் என்று 1947-இலேயே ஒரு கையை வரைந்து வைத்தார்கள். நகரம் உள்ளங்கை. ஐந்து விரல்களும் ரயில் பாதைகள், அவற்றை ஒட்டியே வீடுகள். விரலிடுக்கில் வயலும் காடும். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விடலாம் என்பதுதான் கணக்கு.

நாம் விரலிடுக்கில்தான் முதலில் பிளாட் போடுகிறோம். பஸ் அப்புறம், கழிவுநீர்க் குழாய் அதற்கும் அப்புறம்.

தரகர் நேற்று மறுபடி கூப்பிட்டார். ரயில் வரப்போகிறதாம். ரயில் எப்போது வருமோ, விலை மட்டும் வந்துவிட்டது.