அப்பாவுக்குக் காது மிஷின் வாங்கப் போனபோது

அப்பாவுக்கு 76 வயது. பட்டாளத்துக்காரர், மெட்ராஸ் ரெஜிமென்ட். பேத்தி பேசுவது சரியாகப் புரியவில்லை என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வயசாகிவிட்டது என்று நாங்கள் விட்டுவிட்டோம். அது எங்கள் தப்பு.

முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அட்டையோடு, அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக் போனோம். அங்கிருந்து காது மூக்கு தொண்டை டாக்டருக்கு ரெஃபரல் கொடுத்தார்கள். குறும்பி எடுத்த பிறகுதான் கேட்புச் சோதனை. அதை முதலிலேயே முடித்துவிடுங்கள், ஒரு அலைச்சல் மிச்சம். பட்டாளத்து டிஸ்சார்ஜ் புக் நகல் இரண்டு கையில் இருக்கட்டும்.

சோதனை அறை ஒரு ஆள் உட்காரும் அளவு. சுற்றிலும் சத்தம் புகாத சுவர். கதவைச் சாத்தியதும் அப்பா ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்துவிட்டார். சட்டை காலரெல்லாம் வேர்வை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபின் தானாகவே பேசினார்.

1971 டிசம்பர், பாகிஸ்தான் போர், ஷகர்கர் பகுதி. பசந்தர் ஆற்றைத் தாண்டி, அந்தக் குளிரில் ராத்திரியோடு ராத்திரியாகக் கெந்தியும் (குந்தாலி) பெல்ச்சாவும் (மண்வாரி) வைத்து மோர்ச்சா, அதாவது பதுங்குகுழி, வெட்டினார்களாம். "குண்டு விசில் மாதிரி வரும்ப்பா. ஒண்ணு பக்கத்துலயே விழுந்துச்சு. கழுத்து வரைக்கும் மண்ணு. கண்ணு தெரியுது, எதுவுமே கேக்கல. பக்கத்து மோர்ச்சால இருந்தவன் வாய் மட்டும் அசையுது." மண்ணைச் சுரண்டுகிற மாதிரி விரல்களை மடக்கிக் காட்டினார். அதோடு நிறுத்திக்கொண்டார். இதை எங்கள் அம்மாவிடம்கூட அவர் சொன்னதில்லை.

சோதனை செய்த பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். என்னையும் உள்ளே உட்காரவிட்டார். அப்பா ஒரு கையால் பட்டனை அழுத்தினார், இன்னொரு கையில் என் மணிக்கட்டு.

ஆடியோகிராமில், அதாவது கேட்புச் சோதனை வரைபடத்தில், கோடு 4000 ஹெர்ட்ஸ் என்ற கீச்சு ஒலிகளின் பக்கம் சட்டென்று சரிந்திருந்தது. வெடிச் சத்தம் முதலில் அடிக்கிற இடம் அதுதானாம். 'ச', 'த' போன்ற ஒலிகள் மங்கிவிடும். அதனால்தான் குழந்தை பேச்சு புரியவில்லை. காதுக்குள் எப்போதும் 'கீ' என்று ஒரு இரைச்சல் இருப்பதையும் அன்றுதான் சொன்னார். ராத்திரி ஃபேன் சத்தமோ, மெதுவாக ரேடியோவோ இருந்தால் அது அடங்கித் தெரியும் என்றார்கள். உண்மைதான், இப்போது தூங்குகிறார்.

மிஷின் போட்ட முதல் வாரம், குக்கர் விசிலுக்குச் சாப்பாட்டுத் தட்டோடு தரையில் குனிந்துவிட்டார். இத்தனை நாள் அந்த விசில் அவருக்குக் கேட்டதே இல்லை போலிருக்கிறது. திரும்பப் போய்ப் பெரிய சத்தங்களுக்கான அளவைக் குறைத்து வாங்கிவந்தோம். இந்த இரண்டாவது தடவையைத் தவறவிடாதீர்கள். அம்மா குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டார். எங்கள் வீட்டில் இப்போது வடித்த சோறுதான்.