இலையுதிர் காலத்துக்கு எத்தனை புத்தகம்?

செப்டம்பரில் பத்து புத்தகத்தை அடுக்கிவைத்துவிட்டு நவம்பர் கடைசியில் இரண்டோடு நிற்பவர்கள்தான் அதிகம். சோம்பலைக் குறை சொல்லிப் பயனில்லை, தப்பு கணக்கில் இருக்கிறது. புத்தகத்தை எண்ணித் திட்டம் போடுகிறோம். எண்ண வேண்டியது எத்தனை தடவை உட்கார முடியும் என்பதை.

வட கோளத்தில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை 91 நாள், சரியாக 13 வாரம். விருந்தாளி, காய்ச்சல், குவிந்த துணி என்று வாரத்தில் இரண்டு நாள் போய்விடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சுவது 65 தடவை. இனி உங்கள் வேகத்தை அளக்க வேண்டும். புத்தகத்தின் நடுப்பகுதியைப் பிரித்து 10 நிமிடம் படித்துப் பாருங்கள். முதல் அத்தியாயத்தில் அளக்காதீர்கள். அங்கே ஆர்வம் இழுத்துக்கொண்டு போகும், கணக்கு ஏமாற்றும். 10 நிமிடத்துக்கு 6 பக்கம் என்றால், ஒரு தடவைக்கு 20 நிமிடம் உட்கார்ந்தால் 12, 65 தடவைக்கு 780. அதாவது 250 பக்கப் புத்தகம் மூன்று. குறைவாகத் தோன்றும், ஆனால் முடியும். தேர்வுக்கான பாடநூலும் பட்டியலில் இருந்தால் அதைத் தனியாக அளந்துகொள்ளுங்கள். குறிப்பெடுத்துப் படிக்கும் வேகமும் கதை படிக்கும் வேகமும் ஒன்றல்ல.

"தினமும் ஆறரைக்கு" என்று நேரம் குறிப்பது வீட்டில் செல்லாது. ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள்: வாஷிங் மெஷினைப் போட்டதும் உட்காருவது, அது நின்றதும் எழுவது. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு மட்டும் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். இரண்டில் ஒன்று கருகும்.

வெளிச்சம்தான் இந்தக் காலத்தின் உண்மையான சிக்கல். லண்டன் இருக்கும் அட்சரேகையில் செப்டம்பர் கடைசியில் பகல் நாளுக்குச் சுமார் 4 நிமிடம் சுருங்குகிறது. அதில் பாதியை மாலை இழக்கிறது. மாதத் தொடக்கத்தில் வசதியாக இருந்த ஜன்னலோர நாற்காலி, மாதம் முடிவதற்குள் அதே நேரத்தில் இருட்டில் இருக்கும். ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியதும் மாலை சட்டென்று மேலும் சுருங்கும். எனவே முதல் நாளிலிருந்தே விளக்கடியில் இடம் பிடியுங்கள். வலது கையால் எழுதுபவருக்கு விளக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குறிப்பெடுக்கும்போது கை நிழல் தாளில் விழும். போர்வை காலுக்குப் போதும். கழுத்துவரை இழுத்துக்கொண்டு சாய்ந்தால் நாலாவது பக்கத்தில் தூக்கம்.

அத்தியாயம் முடிகிற இடத்தில் நிறுத்தாமல், ஏதோ நடந்துகொண்டிருக்கும்போதே நிறுத்துங்கள். ஒரு துண்டுத்தாளில் ஒரே வரி: யார், எங்கே, அடுத்து என்ன. மறுநாள் பத்து பக்கம் பின்னால் போகாமல் அந்த வரியிலிருந்தே தொடரலாம். விட்டுப்போன நாளின் 12 பக்கத்தை மறுநாள் தலையில் ஏற்றாதீர்கள். 24 பக்கத்தைப் பார்த்ததுமே அன்றும் உட்காரத் தோன்றாது. ஒதுக்கிவைத்த 26 நாளும் இதற்காகத்தான். ஐந்து தடவை உட்கார்ந்தும் ஒட்டாத புத்தகத்தை மூடிவிடலாம்.

டீக்கோப்பையும் விளக்கு ஒயரும் ஒரே பக்கம் இருந்தால் என்றாவது கொட்டும். நனைந்த பக்கங்களுக்கு இடையில் டிஷ்யூ வைத்து, ஈரம் ஏற ஏற மாற்றி, ஃபேன் காற்றில் காயவிடுங்கள். பளபளப்பான தாள் என்றால் ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டும். ஒட்டிக் காய்ந்துவிட்டால் கிழிக்காமல் பிரிக்க முடியாது.