சோக் போட்டால்தான் ஓடும் வண்டி

மதுரை பழங்காநத்தம் ரவுண்டானாவில் ஒரே காலையில் நான்காவது முறையாக வண்டி அணைந்தபோது, பின்னால் நின்ற ஷேர் ஆட்டோக்காரர் ஹாரன் அடிப்பதையே விட்டுவிட்டார். அப்பா 2004-ல் வாங்கிய ஸ்ப்ளெண்டர் அது. திருமங்கலத்திலிருந்து வேலைக்கு அதில்தான் வருகிறேன். ஓட்டத்தில் குறையே தெரியாது. ஆக்சிலேட்டரை விட்டால் கொஞ்ச நேரம் உறுமும், தாழும், மறுபடி ஏறும், பட்டென்று அணையும்.

முதல் மெக்கானிக், நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐடிலிங் ஸ்க்ரூவை ஏற்றிவிட்டு நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். மறுநாள் சிக்னலில் வண்டி நெல் அரைக்கும் மில் போல இரைந்தது. இரண்டாமவர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றி, நிற்கும்போது பெட்ரோல் வரும் ஸ்லோ ஜெட்டை ஊக்கால் குத்தினார். மயிரிழைத் துளை அது, பித்தளை வேறு. குத்தினால் துளை பெரிதாகி, கலவையில் பெட்ரோல் கூடிவிடும். பக்கத்தில் நின்று, காற்றடித்து மட்டும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். நான் டீ குடிக்கப் போயிருந்தேன்.

மூன்றாமவர், "கார்புரேட்டரே போய்விட்டது, புதிது போடுங்கள்" என்றார். 1,400 ரூபாய். போட்டேன். நோய் அப்படியே இருந்தது. பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறேன் என்று கத்தினேன். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கடைசியில் தெப்பக்குளம் பக்கம் ஒரு பெரியவரிடம் போய்ச் சேர்ந்தேன். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி வந்தபின் புதிய வண்டிகள் பெரும்பாலும், கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலை நேராகப் பீச்சும் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. கார்புரேட்டரில் கைப்பழக்கம் உள்ளவர்களைத் தேடித்தான் போக வேண்டியிருக்கிறது. பெரியவர் எடுத்ததும் ஸ்பேனரைத் தொடவில்லை, கேள்விதான் கேட்டார்.

"சோக் போட்டால் நிதானமாக ஓடுகிறதா, தம்பி?"

"ஆமாண்ணே."

"ஆக்சிலேட்டரை விட்டதும் சத்தம் உடனே இறங்காமல் இழுக்கிறதா?"

"அதுவும்தான்."

பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். முனை சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "ஏர் எடுக்கிறது" என்றார். எங்கோ இடுக்கு வழியாகக் கூடுதல் காற்று நுழைந்து கலவையில் பெட்ரோல் விகிதம் குறைகிறது. சோக் போட்டால் கார்புரேட்டர் வழி வரும் காற்று குறைந்து அது ஈடுகட்டப்படுகிறது. மூன்று பேரிடமும் சோக் விஷயத்தை நானே சொல்லியிருந்தேன் என்பதுதான் எரிச்சல்.

வண்டியை ஓடவிட்டு, கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள இன்லெட் பைப்பின் இணைப்பில் சோப்புத் தண்ணீரைச் சொட்டினார். நுரை உள்ளே இழுபட்டது; சத்தம் உடனே மாறியது. சிலர் இதையே பெட்ரோல் தெளித்துச் செய்கிறார்கள். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல்! அந்தக் கடையிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டாவது வந்துவிடுங்கள்.

கழற்றினால், இணைப்பில் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் பிளாஸ்டிக் போல இறுகியிருந்தது. புது கார்புரேட்டர் போட்டவர் பழைய ரப்பரையே திரும்ப மாட்டியிருக்கிறார். பைப்பின் முகத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்ததும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. ஆளாளுக்கு போல்ட்டை முறுக்கியதில் வளைந்துவிட்டதாம்.

ஓ-ரிங் வாங்க வடக்கு வெளி வீதிக்குப் போனேன். "மாதிரி எங்கே?" என்றார் கடைக்காரர். வண்டி பெயரைச் சொன்னால் போதாதா என்று வாதாடி வாங்கிவந்தேன்; அளவு சேரவில்லை. பழையதைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி பஸ். இருபது ரூபாய் ரப்பருக்கு இரண்டு நடை.

அதற்குள் அவர் கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து, பைப் முகத்தைத் தேய்த்துச் சமமாக்கியிருந்தார். பழைய கார்புரேட்டரில் புது ஜெட் போட்டு மாட்டினார். கலவை ஸ்க்ரூவைக் கழற்றுமுன், முழுதாக உள்ளே இறக்கி எத்தனை சுற்று என்று எண்ணி வைத்திருந்தார், திரும்ப அதே அளவில் மாட்டுவதற்கு. நீங்களும் எண்ணுங்கள். காமராசர் சாலையில் பத்து நிமிடம் ஓட்டி, எஞ்சின் சூடான பிறகுதான் டியூனிங்.

இப்போது ரவுண்டானாவில் நின்றால், வண்டி ஓடுகிறதா என்று குனிந்து கேட்க வேண்டியிருக்கிறது. 1,400 ரூபாய் கார்புரேட்டரைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டாராம். பரணில் இருக்கிறது, யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.